குளத்து மீனும் பூச்சிக்கொல்லியின் அளவுகோல்களும்: கீரமங்கலம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவில் பூச்சிக்கொல்லிகளையும் நீர் மாசையும் கட்டுப்படுத்த எழுந்த சட்டங்கள் மீனையும் நீர்வாழ் உயிரிகளையும் பெயர்சொல்லிக் குறிப்பிட்டுள்ளன. ஆனால் அச்சட்டங்களை நடைமுறைப்படுத்த வகுக்கப்பட்ட அளவுகோல்கள் எலியையும் மனிதனையும் அடிப்படையாகக் கொண்டவை. இந்த இடைவெளி எவ்வாறு உருவானது, அது நீர்வாழ் உயிரிகளின் உயிரணுக்கள் வரை எவ்வாறு சென்று சேர்கிறது என்பதை, பூச்சாகுபடியும் குளங்களும் அருகருகே அமைந்த புதுக்கோட்டை மாவட்டக் கீரமங்கலம் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கீரமங்கலம், குளம், பூச்சிக்கொல்லி, மீன், உயிரணு, நச்சியல் வரலாறு, நீர்ச் சட்டம்

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தில் அமைந்துள்ள பேரூர் கீரமங்கலம். சங்கப் புலவர் நக்கீரரோடு ஊர்ப்பெயரை இணைத்துப் பேசும் வழக்கு இங்கு உண்டு. வெளியூர் வணிகர்களுக்கு இவ்வூர் பூச்சந்தையால் அறிமுகமானது. மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி ஆகியவை சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்து விடியற்காலையில் இங்கு வந்து சேர்கின்றன. சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களில் பனங்குளம், குளமங்கலம் என்று குளம் இடம்பெறுவது தற்செயலன்று. ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட நீர்நிலைகளைக் கொண்ட மாவட்டம் இது. வற்றாத ஆறு எதுவும் இல்லாத நிலப்பரப்பில் வில்லுனி, அம்புலி போன்ற காட்டாறுகளும் மழைநீர் வாரிகளுமே குளங்களை நிரப்பின. குளமே வேளாண்மைக்கும் குடியிருப்புக்கும் அடித்தளமாக இருந்தது.

ஆழ்துளைக் கிணறுகள் பரவிய பின் இந்நிலை மாறியது. மானாவாரியாக நிலக்கடலையும் சிறுதானியமும் விளைந்த செம்மண் நிலங்களில் தென்னையும் பூவும் வெற்றிலையும் இடம்பிடித்தன. குளம் பாசன ஆதாரம் என்ற தகுதியை இழக்கத் தொடங்கியது. ஆயினும் தோட்டத்தில் தெளிக்கப்படும் மருந்தின் எச்சத்தை மழைநீர் கொண்டு சேர்க்கும் இடமாக அதே குளம்தான் இருக்கிறது. குளத்தைப் பயன்படுத்துவோர் குறைந்த காலமும், குளத்திற்கு வந்துசேரும் வேதிப்பொருள்கள் பெருகிய காலமும் ஏறத்தாழ ஒன்றாக அமைந்துவிட்டன.

நீர்நிலை வரலாறு குறித்த தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் கல்வெட்டு, பாசன முறை, குடிமராமத்து, ஆக்கிரமிப்பு ஆகியவற்றையே பேசுகின்றன. நீரின் அளவு பற்றிய அக்கறை அவற்றில் மிகுதி. நீரின் தன்மை பற்றிய அக்கறை குறைவு. அந்நீரில் வாழும் உயிர்கள் பற்றிய அக்கறை அதனினும் குறைவு. குளத்து மீனை வரலாற்றின் ஒரு சான்றாகக் கொள்ள முடியுமா என்ற வினாவே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

மீன் நஞ்சும் பூச்சி மருந்தும்

நீரில் நஞ்சிட்டு மீன் பிடிக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளிலும் இருந்தது. தென்னிந்தியாவில் மருக்காரைக் காயையும் திருகுகள்ளியின் பாலையும் இதற்குப் பயன்படுத்தினர். தேங்கிய நீரில் இவற்றை இட்டால் மீன்கள் மயங்கி மேலே மிதக்கும். இவ்வழக்கத்தைத் தடுக்கும் நோக்கில் பிரித்தானிய இந்திய அரசு 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளைச் சேர்த்தது. நான்காம் பிரிவு வெடிபொருள் கொண்டு மீன் பிடிப்பதையும், ஐந்தாம் பிரிவு நீரில் நஞ்சு கலப்பதையும் குற்றமாக்கின. மீனைக் கொல்லும் நோக்கத்துடன் நஞ்சிடுபவனே இச்சட்டத்தின் பார்வையில் குற்றவாளி. வேறொரு நோக்கத்தில் வயலில் இடப்பட்ட நஞ்சு வாய்க்கால் வழியே மீனிடம் வந்து சேரும் நிலையை 1897இல் எவரும் எண்ணிப் பார்த்திருக்க இயலாது.

பூச்சிக்கொல்லி வரலாற்றின் ஒரு கிளை மீன் நஞ்சிலிருந்தே தோன்றியது என்பது இங்குக் கருதத்தக்கது. தென்கிழக்கு ஆசிய மக்கள் டெரிஸ் என்னும் கொடியின் வேரை இடித்து ஆற்றில் இட்டு மீன் பிடித்தனர். அவ்வேரைத் தோட்டப் பயிர்களில் பூச்சிகளுக்கு எதிராகப் பயன்படுத்தும் முறை 19ஆம் நூற்றாண்டில் பதிவாகிறது. அதன் செயல்படு பொருளுக்கு ரொட்டினோன் எனப் பெயர். உயிரணுவின் ஆற்றல் மையமான இழைமணியில் நடைபெறும் எலக்ட்ரான் கடத்தலின் முதற்கட்டத்தை அது தடுக்கிறது. உயிரணு ஆக்சிஜன் இருந்தும் அதைப் பயன்படுத்த இயலாமல் இறக்கிறது. மீனிலும் பூச்சியிலும் நிகழ்வது ஒன்றே.

தமிழகத்து இலுப்பைப் பிண்ணாக்கின் கதை இதற்கு இணையானது. மீன் வளர்ப்புக் குளங்களில் குஞ்சு விடுவதற்கு முன், அவற்றை உண்ணும் மீன்களை அகற்ற இப்பிண்ணாக்கு இடப்படுகிறது. அதிலுள்ள சப்போனின் செவுள் வழியே புகுந்து, சிவப்பணுக்களின் உறையிலுள்ள கொலஸ்டிராலோடு பிணைந்து அவ்வுறையை உடைக்கிறது. சில வாரங்களில் நச்சுத்தன்மை நீங்கி, எஞ்சிய பிண்ணாக்கு குளத்திற்கு உரமாகிவிடும். பழைய மீன் நஞ்சுகளை நல்லவை என்று கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் அவை இடப்பட்ட இடமும் நேரமும் இட்டவனுக்குத் தெரியும், விளைவும் அவன் கண்முன் மிதக்கும். பிற்காலத்து நஞ்சுகளுக்கு இந்த இரண்டும் பொருந்தவில்லை.

செயற்கை மருந்துகளின் வருகையும் 1968ஆம் ஆண்டுச் சட்டமும்

டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லும் ஆற்றலைச் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் 1939இல் கண்டறிந்தார். 1948இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்தியாவில் இப்பொருள் முதலில் மலேரியா ஒழிப்பின் கருவியாகவே பெருமளவில் நுழைந்தது. தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1953இல் தொடங்கியது. 1954இல் இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் நிறுவனம் அமைக்கப்பட்டது. 1960இல் தஞ்சாவூர் மாவட்டம் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பின், உரமும் மருந்தும் வேளாண் விரிவாக்கப் பணியின் வழக்கமான பகுதியாயின. தஞ்சையை ஒட்டிய புதுக்கோட்டைப் பகுதிக்கும் அதே கடைகளும் அதே அறிவுரைகளும் வந்து சேர்ந்தன. 1948 மார்ச் மாதம் வரை தனி சமஸ்தானமாக இருந்து, 1974 ஜனவரியில் தனி மாவட்டமான புதுக்கோட்டைக்கு, இடைப்பட்ட கால் நூற்றாண்டு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வறண்ட தென்பகுதி என்ற அடையாளமே இருந்தது.

பூச்சிக்கொல்லிகளுக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்ற எண்ணம் ஒரு துயர நிகழ்விலிருந்து எழுந்தது. 1958இல் கப்பலில் கொண்டுவரப்பட்ட உணவுப்பொருள்களில் பாலிடால் என்ற வணிகப் பெயர் கொண்ட பாரத்தியான் கலந்ததால் கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இதனை ஆராய அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவின் பரிந்துரைகள் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்திற்கு வழிவகுத்தன. 1971இல் அதன் விதிகள் நடைமுறைக்கு வந்தன.

மனிதர்க்கும் விலங்குகளுக்கும் நேரும் இடரைத் தடுப்பதே இச்சட்டத்தின் குறிக்கோள் என்று அதன் முகப்புரை கூறுகிறது. ‘விலங்கு’ என்பதற்கு மூன்றாம் பிரிவு தரும் விளக்கம் மனிதனுக்குப் பயன்படும் விலங்குகள் என்று தொடங்கி, மீனையும் பறவையையும் வெளிப்படையாக உள்ளடக்குகிறது. பயன்பாட்டை முன்னிறுத்தும் வரையறையே ஆயினும், மீன் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்துவிட்டது. இந்த ஒற்றைச் சொல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நூலில் இருக்கிறது. நடைமுறையில் அதற்கு நேர்ந்தது என்ன என்பதை மருந்துப் புட்டியின் மேலுள்ள முக்கோணமே காட்டுகிறது.

முக்கோணத்தின் நிறம்

பூச்சிக்கொல்லிக் கலன்களின் மேலட்டையில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நான்கு நிறங்களுள் ஒன்று இடம்பெற வேண்டும் என்று 1971ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. சிவப்பு மிகக் கொடிய நஞ்சைக் குறிக்கும். எழுதப் படிக்கத் தெரியாத உழவருக்கும் இடர் விளங்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் பிறந்த ஏற்பாடு இது. ஆய்வக விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவே இந்நிறத்திற்கு அடிப்படை. வாய்வழி உட்கொண்டால் உடல் எடையில் கிலோகிராமுக்கு 50 மில்லிகிராம் வரை கொல்வது சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள் என்று இவ்வரிசை செல்கிறது. நடைமுறையில் இவ்விலங்கு எலி.

மல்லிகைத் தோட்டத்தில் அறிமுகமான இரு மருந்துகளை ஒப்பிட்டால் இவ்வளவுகோலின் குறை தெளிவாகும். மொட்டுப்புழுவுக்கு மோனோகுரோட்டோபாஸ் கரைசலை லிட்டருக்கு 2 மில்லிலிட்டர் வீதம் தெளிக்குமாறு பழைய பயிர்க் கையேடுகள் கூறின. எலியில் இதன் பாதிக்கொல் அளவு கிலோகிராமுக்கு 20 மில்லிகிராமை ஒட்டியது. எனவே இது சிவப்பு. சைபர்மெத்ரின் என்னும் செயற்கைப் பைரித்ராய்டு எலியில் 250 மில்லிகிராம் அளவிலும் அதற்கு மேலும்தான் அத்தகைய விளைவைத் தருகிறது. எனவே அது சிவப்புக்குக் கீழான வகுப்பில் சேர்கிறது. எலியைக் கொண்டு பார்த்தால் முன்னது பின்னதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கொடியது.

மீனைக் கொண்டு பார்த்தால் இவ்வரிசை தலைகீழாகிறது. நச்சியல் ஆய்வுகளில் அளவுமீனாகக் கொள்ளப்படும் வானவில் டிரவுட்டில் மோனோகுரோட்டோபாசின் பாதிக்கொல் செறிவு லிட்டருக்குச் சில மில்லிகிராம். சைபர்மெத்ரினின் செறிவோ ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம். அதாவது, எலிக்குக் குறைந்த நஞ்சான மருந்து மீனுக்குப் பல ஆயிரம் மடங்கு மிகுந்த நஞ்சு. மருந்துப் பதிவின்போது மீன் நச்சுத்தன்மை பற்றிய தரவுகள் கேட்கப்படுகின்றன என்பதையும், உள்ளிருக்கும் துண்டறிக்கையில் நீர்நிலை பற்றிய எச்சரிக்கை இருப்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் கடையில் உழவர் பார்ப்பது நிறத்தை. மீன் பற்றிய தரவு கோப்பில் நின்றுவிட, எலி பற்றிய தரவு மட்டும் புட்டியின் மேலேறியது.

மோனோகுரோட்டோபாசைக் காய்கறிப் பயிர்களில் பயன்படுத்துவது முதலில் தடுக்கப்பட்டது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவில் இம்மருந்து கலந்து 23 குழந்தைகள் இறந்தனர். 2023இல் ஒன்றிய அரசின் ஆணை அதன் 36 விழுக்காட்டுக் கரைசலைப் படிப்படியாக விலக்க வகை செய்தது. மனித உயிரைக் காக்கும் நோக்கில் இம்முடிவு முற்றிலும் சரியானது, தாமதமானதும்கூட. எனினும் சிவப்பு முக்கோணத்திலிருந்து விலகும் உழவர் அடுத்து எடுக்கும் புட்டி பைரித்ராய்டாக இருக்குமானால், தோட்டத்தில் குறையும் இடர் குளத்தில் கூடுகிறது. ‘பாதுகாப்பான மாற்று’ என்ற தொடர் யாருக்குப் பாதுகாப்பு என்பதைச் சொல்வதில்லை.

இதன் பருமையை உணர எளிய கணக்கு ஒன்று போதும். பத்து எக்டேர், அதாவது ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்பும் சராசரியாக ஒரு மீட்டர் ஆழமும் கொண்ட குளத்தில் பத்துக் கோடி லிட்டர் நீர் இருக்கும். லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்ற செறிவை அது அடைய 100 கிராம் சைபர்மெத்ரின் போதும். பத்து விழுக்காட்டுக் கரைசலில் அது ஒரு லிட்டர் புட்டி. கோடையில் நீர் ஒரு சாண் அளவுக்கு இறங்கிவிட்டால் அப்புட்டியில் கால் பங்குக்கும் குறைவானதே அச்செறிவுக்குப் போதுமானது. உண்மையில் இம்மருந்து விரைவில் சேற்றோடும் பாசியோடும் ஒட்டிக்கொள்வதால் முழு அளவும் நீரில் கரைந்து நிற்பதில்லை. ஆகவே இதை எச்சரிக்கைக் கணக்காகவே கொள்ள வேண்டும். ஆனால் எத்தனை சிறு அளவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை இது உணர்த்தும்.

செவுளிலிருந்து உயிரணுவுக்கு

மீனுக்கு இத்தனை மென்மை எங்கிருந்து வருகிறது? விடை அதன் செவுளிலும் கல்லீரலிலும் உள்ளது. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் காற்றில் உள்ளதைவிட மிகக் குறைவு. எனவே மீன் பெருமளவு நீரைச் செவுள் வழியே இடையறாது செலுத்தியாக வேண்டும். செவுளின் மெல்லிய இதழ்களில் நீருக்கும் குருதிக்கும் இடையே சில உயிரணுக்களின் தடிமன் மட்டுமே உள்ளது. ஆக்சிஜனுக்காகத் திறந்திருக்கும் அவ்வாயில் கொழுப்பில் கரையும் நஞ்சுகளுக்கும் திறந்தே இருக்கிறது. செவுளில் உப்புச் சமநிலையைக் காக்கும் தனி உயிரணுக்களும் உண்டு. அவற்றின் உறையிலுள்ள சோடியம், பொட்டாசியம் இறைப்பு நொதி பாதிக்கப்பட்டால் நன்னீர் மீன் தன் உடல் உப்பை இழக்கத் தொடங்கும். நஞ்சுற்ற மீனின் செவுளை நுண்ணோக்கியில் பார்த்தால் மேலுறை பிரிந்திருப்பதும் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதும் தெரியும். நஞ்சைத் தடுக்கச் செவுள் எடுக்கும் தற்காப்பே மூச்சுத்திணறலாக முடிகிறது.

உள்ளே சென்ற பின் ஒவ்வொரு நஞ்சும் தனக்குரிய இடத்தைத் தாக்குகிறது. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற கரிமப் பாஸ்பரஸ் மருந்துகள் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. நரம்பின் செய்தி முடிந்த பின்னும் அச்செய்தி ஒலித்துக்கொண்டே இருக்கிறது. எண்டோசல்பான் நரம்பை அமைதிப்படுத்தும் குளோரைடு வாயிலை அடைக்கிறது. பைரித்ராய்டுகள் சோடியம் வாயிலை மூடவிடாமல் பிடித்து வைக்கின்றன. பாலூட்டியின் கல்லீரல் பைரித்ராய்டை விரைவாகச் சிதைத்து வெளியேற்றுகிறது. மீனின் கல்லீரலுக்கு அந்த விரைவு இல்லை. எலிக்கும் மீனுக்கும் இடையே கண்ட மாபெரும் வேறுபாட்டுக்கு இதுவே முதன்மைக் காரணம்.

சாகடிக்காத அளவிலும் உயிரணு தடம் சுமக்கிறது. கட்டற்ற ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி உயிரணு உறையின் கொழுப்பை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. அதை எதிர்க்கும் கேட்டலேஸ் போன்ற நொதிகளும் குளுட்டாத்தியோனும் முதலில் உயர்ந்து பின் தளர்கின்றன. மீனின் சிவப்பணுவில் உட்கரு உண்டு என்பதால், மரபுப்பொருள் சிதையும்போது முதன்மை உட்கருவின் அருகே சிறு துணுக்கு உட்கரு தோன்றும். ஒரு துளிக் குருதியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றி, இத்துணுக்குகளை எண்ணிவிடலாம். சாதாரணக் கல்லூரி ஆய்வகத்திலும் இயலக்கூடிய முறை இது.

இங்கு ஆய்வு மரபு பற்றிய ஒரு குறையையும் சுட்ட வேண்டும். இந்திய நச்சியல் ஆய்வுகளில் குறவை, கெளுத்தி, ரோகு, 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா ஆகியவையே மிகுதியாகப் பயன்பட்டுள்ளன. ஆய்வகத் தொட்டியில் எளிதில் பிழைப்பவை என்பதே முதற்காரணம். குறவையும் கெளுத்தியும் காற்றையும் சுவாசிக்கும் வன்மீன்கள். திலேப்பியாவின் தாங்கும் ஆற்றல் சொல்லத் தேவையில்லை. ரோகு தமிழகக் குளங்களுக்கு இயல்பான மீனே அன்று. சேற்றை ஒட்டி வாழும் அயிரையும், சிறு கெண்டை இனங்களும், அவற்றின் முட்டையும் குஞ்சும் எந்த அளவைத் தாங்கும் என்பதே குளத்தைப் பொறுத்த உண்மையான வினா. மீனுக்கு முன்பே, நீர்த்தெள்ளு போன்ற நுண்ணிய ஓட்டுயிரிகள் பைரித்ராய்டால் அழிகின்றன. அவை அழிந்தால் அவற்றுக்கு இரையான பாசி பெருகும். இரவில் பாசியும் சுவாசிப்பதால் விடியலில் ஆக்சிஜன் வீழும். அப்போது சாகும் மீனின் உடலில் மருந்தின் தடம் கொல்லும் அளவில் இருக்க வேண்டியதில்லை.

குடிக்கத்தக்க நீரும் வாழத்தக்க நீரும்

1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் ‘மாசு’ என்பதை வரையறுக்கும்போது பொதுநலம், வேளாண் பயன்பாடு ஆகியவற்றோடு நின்றுவிடவில்லை. விலங்குகள், தாவரங்கள், நீர்வாழ் உயிரிகள் ஆகியவற்றின் உயிருக்கும் நலனுக்கும் கேடு விளைவிப்பதையும் மாசு என்கிறது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போல் ‘பயன்படும்’ என்ற நிபந்தனை இங்கில்லை. சட்டச் சொல்லாடலில் இது பெரும் முன்னேற்றம்.

இதனை நடைமுறைப்படுத்தும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளைப் பயன்பாட்டு அடிப்படையில் ஐந்தாக வகுத்தது. அவற்றுள் ‘டி’ வகுப்பு காட்டுயிர்க்கும் மீன்வளத்திற்கும் உரியது. இவ்வகுப்புக்கு வேண்டிய தகுதிகள் மூன்று: கார அமிலக் குறியீடு 6.5 முதல் 8.5 வரை, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமை, தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மிகாமை. பூச்சிக்கொல்லி பற்றி ஒரு வரியும் இல்லை. சாக்கடைக் கழிவை அளக்கப் பிறந்த வகைப்பாடு என்பது வெளிப்படை.

பூச்சிக்கொல்லிக்கு வரம்பு விதித்திருப்பது குடிநீர்த் தரம். இந்தியத் தர அமைவனத்தின் 10500 எண் கொண்ட தரநிலை, 2012 பதிப்பில், குளோர்பைரிபாசுக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என வரம்பு வைக்கிறது. வானவில் டிரவுட்டில் இம்மருந்தின் பாதிக்கொல் செறிவு ஏறத்தாழ 10 மைக்ரோகிராமுக்குள் அடங்கும். புளூகில் என்னும் அமெரிக்கக் குளத்துமீனில் அது இன்னும் குறைவு. மனிதன் குடிக்கத் தகும் என்று சான்று பெறும் நீரில் மீன் பிழைக்காது என்பதே இதன் பொருள். அப்பட்டியலில் பைரித்ராய்டு எதற்கும் வரம்பே இல்லை. மனிதனுக்கு வகுத்த தரம் தானாகவே மற்ற உயிர்களையும் காக்கும் என்ற எண்ணம் நச்சியல் அடிப்படையில் நிற்காது.

பூவுக்கு மற்றொரு சிறப்பு நிலையும் உண்டு. காய்கறியிலும் தானியத்திலும் எச்ச மருந்துக்கு உணவுப் பாதுகாப்பு வரம்புகள் உள்ளன. தலையில் சூடும் மல்லிகை உணவன்று. எனவே சந்தைப் பக்கத்திலிருந்து வரக்கூடிய கட்டுப்பாடும் இச்சாகுபடிக்கு இல்லை. வாசலில் நிறுத்திச் சோதிக்க யாருமற்ற பயிர் எனலாம்.

குழாய் உள்ள மாசும் குழாய் இல்லாத மாசும்

தமிழகத்தில் நீர் மாசு வரலாறாகப் பதிவான இடங்களை நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே திருப்பூரின் சாயக்கழிவுத் தேக்கமானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் 2001இல் வெளிச்சத்திற்கு வந்து ஆலை மூடப்பட்டது. அந்த ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை 2006இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. இவை அனைத்திலும் ஒரு ஆலையும் ஒரு கழிவுவாயிலும் ஒரு எதிர்வாதியும் இருந்தனர். 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் இசைவாணை முறையே கழிவு வெளியேறும் வாயிலைச் சார்ந்தது.

கீரமங்கலத்தைப் போன்ற வட்டாரத்தில் கழிவுக்கு வாயில் இல்லை. நூற்றுக்கணக்கான சிறு தோட்டங்களின் மேல் பெய்யும் மழையே வாயில். கடன் வாங்கிப் பூ வளர்க்கும் சிறு உழவரை ஆலை முதலாளியின் இடத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமும் ஆகாது. அவருக்குக் கிடைத்த அறிவுரை அரசின் கையேட்டிலும் கடைக்காரரின் சொல்லிலும் இருந்து வந்தது. நிறத்தைப் பார்த்து வாங்கச் சொன்னதும் அரசு விதிதான்.

எண்டோசல்பான் இதற்கு விதிவிலக்குப் போலத் தோன்றும். 1969 ஜூனில் ஐரோப்பாவின் ரைன் ஆற்றில் பெருந்திரளான மீன்கள் இறந்தபோது காரணமாகக் கண்டறியப்பட்டது இம்மருந்தே. இந்தியாவில் அது 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்ற ஆணையால் நிறுத்தப்பட்டது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் வானிலிருந்து தெளிக்கப்பட்டதால் மனிதர்க்கு நேர்ந்த கொடுந்துன்பமே அதன் பின்னணி. அங்கும் ஒரு தோட்டக் கழகம் இருந்தது, ஒரு வானூர்தி இருந்தது. மீன்கள் சொன்னதற்கும் மனிதர் கேட்டதற்கும் இடையே 42 ஆண்டுகள்.

குளம் வைத்திருக்கும் சான்றுகள்

குளத்து மீன் பற்றிய அரசுப் பதிவு எங்கே கிடைக்கும்? வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேடு குளத்தின் பரப்பையும் வகையையும் சொல்லும், மீனைச் சொல்லாது. மீன் அரசின் கண்ணில் படுவது மீன்பாசிக் குத்தகை ஏலத்தில் மட்டுமே. ஏலத்தொகை ஏறுவதும் இறங்குவதும் மழையையும் குஞ்சு விடுதலையும் போட்டியையும் பொறுத்தது என்பதால் அதை மீன்வளத்தின் நேரடி அளவாகக் கொள்ள முடியாது. ஆயினும் ஏலம் கேட்க ஆளில்லாத ஆண்டுகள், ஏலம் எடுத்தவர் தள்ளுபடி கேட்டு அளித்த மனுக்கள் ஆகியவை ஊராட்சிக் கோப்புகளில் தேடத்தக்க சான்றுகள். மீன் செத்து மிதந்த செய்தி ஆவணமாவதற்கு இருக்கும் மிகச் சில வழிகளுள் தள்ளுபடி மனு ஒன்று.

மற்றொரு சான்று மீன்பிடித் திருவிழா. கோடையில் நீர் வற்றும்போது புதுக்கோட்டை மாவட்டத்துக் குளங்களில் ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசித் தொடங்கிவைக்க, சுற்றுப்பட்டு மக்கள் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக இறங்கி மீன் பிடிப்பர். விற்பனை நோக்கமின்றி அவரவர் வீட்டுக் குழம்புக்கென்று பிடிக்கும் நாள் அது. எந்தக் குளத்தில் எந்த மீன் கிடைத்தது என்பது பலருடைய நினைவிலும் ஒரே நாளில் பதியும் வாய்ப்பு வேறெந்த வேளாண் நிகழ்விலும் இல்லை. வாய்மொழி வரலாற்று முறையில் ஊர்தோறும் மீன் இனப்பட்டியலைத் தலைமுறை வாரியாகத் தொகுத்தால், விராலும் கெளுத்தியும் திலேப்பியாவும் தொடர்ந்து சொல்லப்படும் ஊர்களில் அயிரையும் சிறு கெண்டையும் எப்போது பட்டியலிலிருந்து விடுபடுகின்றன என்பதைக் காணலாம். வன்மீன்கள் எஞ்சுவதால் குளத்தில் மீன் இருக்கிறது என்றே தோன்றும். எவை இல்லை என்று கேட்டால்தான் மாற்றம் புலப்படும்.

காலமும் இதில் கவனிக்கத்தக்கது. வடகிழக்குப் பருவத்தின் முதல் வெள்ளத்தில் மீன்கள் வரத்து வாரியை எதிர்த்து ஏறும். முட்டையிடும் பருவம் அது. கோடை முழுதும் தோட்டத்து மண்ணில் தங்கிய மருந்தைக் கழுவிக் கொண்டுவருவதும் அதே முதல் வெள்ளம். வளர்ந்த மீனைவிட முட்டையும் குஞ்சும் பல மடங்கு மென்மையானவை. வெள்ளம் வடிந்த பின் எடுக்கும் நீர் மாதிரியில் மருந்து அகப்படாமல் போகலாம். சேற்றில் அகப்படும்.

சேறு இவ்வட்டாரத்தில் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தென்னைகளைச் சாய்த்த பின், 2019இல் கொத்தமங்கலம் முதலிய ஊர்களின் இளைஞர்கள் குளங்களைத் தூர்வாரத் தொடங்கினர். மழைநீரைத் தேக்கி நிலத்தடி நீரை மீட்கும் போற்றத்தக்க முயற்சி அது. அதற்கு முன்பே, 2017இல், குளத்து வண்டலை உழவர்கள் கட்டணமின்றி எடுத்துச் செல்லத் தமிழக அரசு இசைவளித்திருந்தது. தோட்டத்திலிருந்து குளத்திற்கு வந்த மண் இவ்வாறு மீண்டும் தோட்டத்திற்குச் செல்கிறது. டி.டி.டி. 1989இல் வேளாண்மையிலிருந்தும், பி.எச்.சி. 1997இல் முழுமையாகவும் விலக்கப்பட்டவை. அவற்றின் சிதைவுப் பொருள்கள் பல்லாண்டு மண்ணில் நிலைப்பவை என்பதால், தூர்வாரப்படாத குளத்தின் வண்டலை அடுக்கடுக்காக எடுத்து ஆய்ந்தால் எந்த மருந்து எப்போது வந்தது என்ற வரிசை அதில் கிடைக்கும். தூர்வாரிய குளத்தில் அவ்வடுக்குகள் இரா. ஒவ்வொரு கோடையிலும் எடுக்கப்படும் வண்டலில் ஒரு கைப்பிடியையேனும், குளத்தின் பெயரும் ஆழமும் நாளும் குறித்துப் பக்கத்துக் கல்லூரிகளின் ஆய்வகங்களில் சேமித்துவைக்க இயலும். மண்வாரி இறங்கும் நாளுக்கு முன் அது செய்யப்பட வேண்டும்.